ஒரே வீட்டில் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் சுகர்: ஊசி, லோ சுகர், நம்ம ஊர்ச் சாப்பாடு

#1 மருந்துச்சீட்டு

குமரி மாவட்டத்தில் ஒரே ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு பேருடைய இன்சுலின் இருக்கிற வீடுகள் இப்போது உண்டு. டைப் 1 (இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோன வகை) உள்ள பள்ளிப் பிள்ளைக்கு ஒன்று, டைப் 2 (சுரந்தும் போதாத வகை) உள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒன்று. இரண்டுக்கும் 'சுகர்' என்றே பெயர் என்பதால் ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்கும் செய்கிறார்கள். தாத்தாவின் டாக்டர் "ரெண்டு நாளைக்கு ஊசி வேண்டாம்" என்றால் அது நியாயமான முடிவாக இருக்கலாம். அதையே பிள்ளைக்குச் செய்தால் அதே இரண்டு நாளில் ஐசியு. இந்த இழை அந்த மாதிரி வீடுகளுக்காக. வேலை தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள். சுகர் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

நான் சிரிஞ்சில் இருந்து ஆரம்பிக்கிறேன், கடை கவுன்டரில் அதிகம் தவறுவது அதுதான். குப்பியில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பென்னில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறினால் என்ன ஆகும்? 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி. அதில் இருப்பது வெறும் 8 யூனிட். வாரக்கணக்கில் சுகர் இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கிடைத்ததும் லோ சுகர். தலைகீழ் இன்னும் மோசம். பென் கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 கோடு வரை எடுத்தால் 0.5 மில்லி, அதாவது 50 யூனிட் உள்ளே போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது உயிர் போகிற அளவு. பென் கெட்டுப்போனாலும் கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தக் கூடாது. கடைக்காரரிடம் "ஊசி குடுங்க" என்று மட்டும் கேட்காமல் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

#2 குழித்துறை_செவிலி

அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று. கலங்கல் மருந்தும் தெளிந்த மருந்தும் ஒரே தட்டில் இருந்தால் மாறும். அதைவிட எளிதில் மாறுவது தெளிந்தது இரண்டு இருக்கும்போது. சாப்பாட்டுக்கு முன் போடும் ரெகுலரும் தெளிவு, இரவில் போடும் கிளார்ஜினும் தெளிவு. 16 யூனிட் கிளார்ஜின் போட வேண்டிய பிள்ளைக்கு 16 யூனிட் குறுகிய நேர இன்சுலின் போனால் இரவு முழுக்க சர்க்கரை கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டியதுதான். பென்னைச் சுற்றி கலர் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆளுக்கு ஒரு டிபன் டப்பா, மூடியில் பெயர். கண் மங்கின தாத்தாவுக்கு ரப்பர் பேண்டின் எண்ணிக்கை விரலுக்குத் தெரியும்: காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு.

கலங்கல் மருந்தை (30/70, என்பிஎச்) குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 தடவை உருட்டி, 10 தடவை மேலும் கீழுமாகக் கவிழ்த்து, பால் மாதிரி ஒரே சீராக ஆன பிறகே எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒருநாள் 60, மறுநாள் 310 என்று எண் ஆடும். வீட்டில் சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பென்னில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் காற்றில் விட்டு, சொட்டு வருகிறதா பார்த்தபிறகு அளவைத் திருப்புங்கள். குத்தி அமுக்கியபின் 10 எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். 4 மில்லிமீட்டர் ஊசி பிள்ளைக்கும் போதும், தடித்த பெரியவருக்கும் போதும்.

இடம் மாற்றுவது: தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பிள்ளைகள் வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்தச் சொல்லும். அங்கே கொழுப்புக் கட்டி வரும், அதில் போட்ட மருந்து ஒழுங்காகச் சேராது. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு தடாலென்று வேலை செய்யும், லோ வரும். மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

#3 வடசேரி_ஜங்ஷன்

ஒரு சந்தேகம் கேக்கட்டா? 2017-ல் ஓக்கி அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல பல ஊர்ல நாள்கணக்குல கறண்டு இல்ல. மறுபடி அப்படி வந்தா இன்சுலினை என்ன செய்யது? மண்பானைல வைக்கலாம்னு சொல்லுதாவ.

#4 மருந்துச்சீட்டு

வைக்கலாம் தம்பி, ஆனால் எதற்கு எவ்வளவு என்று தெரிந்து வையுங்கள்.

பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்துவதற்கு ஃப்ரிட்ஜ் அவசியமே இல்லை. 25 முதல் 30 டிகிரிக்குள் பெரும்பாலானவை 4 வாரம் தாங்கும் (நாள் கணக்கு மருந்துக்கு மருந்து வேறு, டப்பாவில் இருக்கும்). பிரித்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். ஆகவே கறண்டு போனவுடன் பதற வேண்டாம். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் உள்ளே சில மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

பானை முறை: பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்று மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரத்துணி. இது தண்ணீர் ஆவியாகும்போது குளிர்வது. ராஜஸ்தானில் நன்றாக வேலை செய்யும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் முட்டத்திலும் குளச்சலிலும் இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பெரிது. பிரித்த மருந்தைக் காப்பாற்ற அது போதும். பிரிக்காத மூன்று மாத ஸ்டாக்கைக் காப்பாற்றாது. புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்டாக்கை ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பெயர் எழுதி ஒப்படைப்பது நல்லது.

வெயிலைவிட நம்மூரில் அதிகம் மருந்தைக் கெடுப்பது ஐஸ். ஃப்ரீசருக்கு அடுத்த தட்டில் வைத்து உறைந்துபோகும். காலையில் உருகினதும் பார்க்க நல்ல மருந்து மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. உறைந்தது என்று சந்தேகம் இருந்தாலே எறியுங்கள். பயணத்தில் ஐஸ் கட்டியில் நேரடியாக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள்.

#5 கணக்கு_டீச்சர்

பள்ளிக்கூடப் பக்கத்தை நான் எழுதுகிறேன். லோ சுகர் என்றால் 70-க்குக் கீழ். 54-க்குக் கீழ் போனால் அவசரம். வகுப்பில் தெரியும் அடையாளம்: திடீர்ச் சிடுசிடுப்பு, வியர்வை, கை நடுக்கம், கையெழுத்து கோணுவது, சொன்ன கணக்கையே மறுபடி கேட்பது. "தூங்கி வழியுது" என்று திட்டும் முன் விரலில் ஒரு சொட்டு பாருங்கள்.

எல்லோருக்கும் 15 கிராம் குளுக்கோஸ் என்று எழுதிப்போட்டிருப்பார்கள். அது பெரியவர் கணக்கு. பிள்ளைக்கு எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, 40 கிலோவுக்கு 12, 50 கிலோ வந்தபிறகு 15. டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பொடி தலைதட்டி ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம். ஆக மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன், கால் டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 70-க்கு மேல் வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. பதறிப்போய் அரை டப்பாவைக் கரைத்துக் கொடுத்தால் மதியம் 350 நிற்கும், அதற்கு ஊசி, மறுபடி லோ. சாக்லேட், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் லோ சுகருக்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

ஏறியபின் சாப்பாட்டு மணிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு மட்டி வாழைப்பழமோ கொடுத்து உட்கார வையுங்கள். தனியாகக் கழிவறைக்கோ வீட்டுக்கோ அனுப்பாதீர்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. குளுக்ககான் ஊசி வீட்டார் வாங்கிக் கொடுத்திருந்தால் 25 கிலோவுக்குக் கீழ் அரை மில்லிகிராம், மேல் ஒரு மில்லிகிராம்.

பி.இ.டி. பீரியட்: விளையாடும் முன் 90-க்குக் கீழ் இருந்தால் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டபிறகு களத்துக்கு. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஃபுட்பால் ஆடின பிள்ளைக்கு லோ வருவது களத்தில் மட்டும் இல்லை, நடுராத்திரியிலும் வரும். தசைகள் தீர்ந்த சர்க்கரையை ரத்தத்தில் இருந்து திரும்ப நிரப்பிக்கொள்ளும். அன்று இரவு 2 அல்லது 3 மணிக்கு ஒரு டெஸ்ட் பாருங்கள்.

பரீட்சை: சிபிஎஸ்இ 2017-லேயே டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்துச் சுற்றறிக்கை விட்டது. மற்றப் பள்ளிகளில் டாக்டர் சான்றோடு தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அன்று காலையில் அறைக் கண்காணிப்பாளரிடம் வாயால் சொன்னால் நடக்காது.

#6 மருந்துச்சீட்டு

டீச்சர் குளுக்கோஸ் என்று சொன்னதைப் பெரியவர் விஷயத்தில் அடிக்கோடு போடுகிறேன். வயதானவர்களுக்கு எழுதும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை நிறைய ஓடுகிறது: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ். இந்த வோக்ளிபோஸ் (அல்லது அகார்போஸ்) குடலில் சீனியை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் சீனி, கருப்பட்டி, மிட்டாய் எல்லாம் தாமதமாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் பொடி நேராக ரத்தத்தில் சேரும். கிடைக்காவிட்டால் பால். பாலின் சர்க்கரையை உடைக்கும் நொதி வேறு, அதை இந்த மருந்து பெரிதாகத் தடுப்பதில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் வோக்ளிபோஸ் என்று இருந்தால் தலையணைப் பக்கத்தில் குளுக்கோஸ் டப்பா கட்டாயம்.

#7 குழித்துறை_செவிலி

பெரியவர்களுக்கு லோ சுகர் வேறு முகத்தோடு வரும். நடுக்கமும் படபடப்பும் இல்லாமல் நேராகக் குழப்பம், வாய் குழறல், காரணமில்லாத கோபம், "சாப்பாடு வேண்டாம்" என்ற பிடிவாதம். பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வாதம் மாதிரி தெரிந்தால் 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே சுகர் பாருங்கள். பிரஷருக்கு மெட்டோபிரோலால், அட்டினோலால் எடுப்பவர்களுக்குப் படபடப்பை மருந்தே மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. தலையணை நனைந்திருந்தால், கெட்ட கனவு என்று சொன்னால், காலையில் தலை கனத்தால், இரவு லோ வந்து போயிருக்கலாம்.

கிளிபென்கிளமைடு வயதானவருக்கு வேண்டாத மருந்து. நாள் முழுக்க உடம்பில் நிற்கும். கிளிமிபிரைடும் சிறுநீரகம் பழுதான உடம்பில் அப்படித்தான். இந்த மாத்திரையால் வந்த லோ, குளுக்கோஸ் கொடுத்து 120 ஆனபிறகு நான்கு மணி நேரத்தில் திரும்ப 45-க்கு இறங்கும். "சரியாயிட்டு, வீட்டுக்குப் போவோம்" என்று கிளம்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது இருக்கட்டும்.

இலக்கு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் வீட்டில் சண்டை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை) 7-க்குக் கீழ் என்பது பிள்ளைக்கும் நடுவயதுக்காரருக்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில், திடமாக நடமாடும் முதியவருக்கு 7 முதல் 7.5-க்குக் கீழ். பல நோய்களோடு இருப்பவருக்கு, லேசான மறதி உள்ளவருக்கு 8-க்குக் கீழ், காலை வெறும் வயிற்றில் 90 முதல் 150. படுத்த படுக்கையானவருக்கோ முற்றிய மறதி நோய்க்காரருக்கோ எச்பிஏ1சி துரத்தவே வேண்டாம். லோ வராமல், 200-ஐத் தாண்டித் தாகமும் சிறுநீருமாக அவதிப்படாமல் இருந்தால் போதும். 85 வயது பாட்டிக்கு 6.2 வந்தால் "சூப்பர்" என்கிறார்கள். மாத்திரையோ ஊசியோ அதிகம் என்று அதற்கு அர்த்தம், டாக்டரிடம் காட்டிக் குறையுங்கள். ரத்தசோகை உள்ளவர்களிடம் அந்த எண்ணே பொய் சொல்லும். இரும்புச் சத்துக் குறைவில் கூட்டிக் காட்டும், ரத்தம் ஏற்றியிருந்தால் குறைத்துக் காட்டும்.

#8 பனங்காட்டான்

நீங்க எல்லாரும் ஊசியும் மாத்திரையுமே சொல்லுதீங்க. நம்ம பாட்டன்மார் அக்கானி (பதநீர்) குடிச்சி கருப்பட்டிக் காப்பி குடிச்சவங்க, அவங்களுக்கு சுகர் வந்துதா? சீனியை விட்டுட்டு கருப்பட்டிக்கு மாறினாலே பாதி சரியாவும்.

#9 தொடுகறி

பாட்டன்மார் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பனை ஏறி இறங்கினார்கள் அண்ணே. அந்தக் கால் இப்போது இல்லை. கருப்பட்டியில் இரும்பும் தாதும் கொஞ்சம் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 10 கிராம் கருப்பட்டியில் 9 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதுவும் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். அக்கானியில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல். ஒரு பட்டை அக்கானி 300 மில்லி என்றால் 30 கிராம். டைப் 1 பிள்ளைக்கு அதற்கு ஊசி கணக்குப் போட்டால் குடிக்கலாம், 'இயற்கை' என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் சுகர் ஏறும். நுங்கு பரவாயில்லை, தண்ணீர்தான் அதிகம்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டின் கணக்கு கடைசியில் மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கு) வந்து நிற்கும். வேகவைத்த மரச்சீனி 100 கிராமில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல். சோறு 100 கிராமில் 28. ஒரு தட்டு மயக்கின கிழங்கு 250 கிராம் வரும், அதாவது 90 கிராம் மாவுச்சத்து. சோறாக இருந்தால் 320 கிராம். யாரும் அவ்வளவு சோறு ஒரே வேளையில் தாத்தாவுக்குப் போட மாட்டார்கள், கிழங்கு என்றால் போடுவார்கள். 100 கிராம் கிழங்கு, அதே அளவுக்கு மேல் சாளையோ அயலையோ கறி, பக்கத்தில் ஒரு பயறுத் தோரன் என்று வைத்தால் தாத்தாவுக்கும் தாங்கும். கிழங்கும் சாப்பிட்டு அதன்மேல் சோறும் என்பது கூடாது.

பிள்ளைக்குக் கணக்கு போடும் விதம்: நாள் முழுக்கப் போடும் மொத்த இன்சுலினால் 500-ஐ வகுத்தால் ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்று தோராயமாக வரும். மொத்தம் 20 யூனிட் என்றால் 25 கிராம். 100 கிராம் கிழங்குக்கு 1.4, அரை யூனிட் பென்னில் 1.5. ஏறின சுகரை இறக்க 1800-ஐ அதே மொத்தத்தால் வகுங்கள்: 90 வரும், ஒரு யூனிட் சுமார் 90 புள்ளி இறக்கும். ரெகுலர் இன்சுலினுக்கு 1800-க்குப் பதில் 1500. இது ஆரம்பப் புள்ளி மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு இதைவிட அதிகம் வேண்டியிருக்கும், புட்டும் ஏத்தம்பழமும் தின்றால் உடனே தெரியும். உங்கள் டாக்டர் எழுதித் தந்த விகிதம் இருந்தால் அதுதான் செல்லும்.

ஏத்தம்பழம் தோல் உரித்து 100 கிராமில் சுமார் 30 கிராம். பெரிய பழம் ஒன்று 150 கிராம் சதை இருக்கும், 45 ஆச்சு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மட்டி சின்னப் பழம் என்பதால் அளவைக் கட்டுப்படுத்த வசதி, அதுவும் ஒன்றோடு நின்றால். பழுத்த சக்கைச் சுளை (பலாச்சுளை) 100 கிராமில் 23. கஞ்சியில் தண்ணீர் அதிகம் என்பதால் சுகர் ஏறாது என்று நினைப்பது தப்பு. குழைய வெந்த அரிசி சீக்கிரம் ஏறும். கஞ்சிக்கு அரிசியை வேகும் முன் அளந்து போடுங்கள்: 30 கிராம் அரிசியில் 23 கிராம் மாவுச்சத்து. கூடச் சிறுபயறு போட்டால் ஏற்றம் நிதானமாகும்.

ஒரு சமையல் தராசு வாங்குங்கள். மாதம் ஒருமுறை நிறுத்தால் போதும், கண் பழகிவிடும்.

#10 வடசேரி_ஜங்ஷன்

அக்கா, மரச்சீனி தின்னுதான் சுகரே வருதுன்னு ஒரு பேச்சு உண்டே, அது மெய்யா?

#11 குழித்துறை_செவிலி

அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. கணையத்தில் கல் சேர்ந்து வரும் ஒரு நீரிழிவு கேரளத்திலும் தென்தமிழகத்திலும் ஒரு காலத்தில் நிறையத் தெரிந்தது. கிழங்கில் உள்ள சயனைடு சார்ந்த பொருள்தான் காரணமோ என்று 1979-ல் மக்மில்லன், கீவர்கீஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பின்னால் கிழங்கே சாப்பிடாத இடங்களிலும் அந்த நோய் கண்டது, கிழங்கை முழுக்க நம்பி இருக்கும் ஆப்பிரிக்க ஊர்கள் பலவற்றில் காணவில்லை. அதனால் அந்தக் கருத்து நிற்கவில்லை. மரபணுக் கூறும் சேர்ந்தது என்பது இப்போதைய புரிதல்.

ஆனால் நோய் நிஜம். ஒல்லியான இளம் வயதுக்காரர், அடிக்கடி மேல்வயிற்று வலி முதுகுக்குக் குத்துவது, எண்ணெய் மிதக்கும் மலம், சுகர் 400 இருந்தும் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு உடைந்து வரும் அமிலம்) அதிகம் இல்லை என்றால் டைப் 1 என்று முடிவு கட்டும் முன் வயிற்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இன்சுலினோடு கணைய நொதி மாத்திரையும் வேண்டும்.

#12 மருந்துச்சீட்டு

பனங்காட்டான் அண்ணன் பேச்சில் இருந்து இன்னொன்று. நாட்டு மருந்து தொடங்குகிறோம் என்று பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்துவது. டைப் 1-ல் கணையத்தில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுவிடும், எந்தப் பொடியும் அதை உண்டாக்காது. நோய் கண்ட முதல் சில மாதங்களில் தேவை திடீரென்று குறையும், நாளுக்கு இரண்டு மூன்று யூனிட்டில் சுகர் நிற்கும். அதைத் தேன்நிலவுக் காலம் என்பார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது கஷாயம் கொடுத்திருந்தால் கஷாயத்துக்குப் பெயர் போய்விடும். காலம் முடியும், தேவை திரும்பும்.

பெரியவருக்கும் எச்சரிக்கை: 'பக்க விளைவில்லாத சுகர் பொடி' என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பல சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பொடி தொடங்கி ஒரு வாரத்தில் சுகர் சட்டென்று விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

இரட்டை டோஸ் இன்னொரு வழியிலும் வரும். 2021 ஆகஸ்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். தனியார் டாக்டர் எழுதின கம்பெனி மாத்திரையும் அதுவும் ஒரே மருந்தாக இருப்பது தாத்தாவுக்குத் தெரியாது, நிறம் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குவார். மாதம் ஒருமுறை எல்லா அட்டையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு ஏதாவது ஒரு மருந்தாளுநரிடம் காட்டுங்கள். பணம் கேட்க மாட்டார்கள்.

#13 குழித்துறை_செவிலி

காய்ச்சல், வாந்தி நாட்கள். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளை சாப்பிடவில்லை, அதனால் ஊசி வேண்டாம் என்பதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விடும் முடிவு. காய்ச்சலில் உடம்பு தானே சர்க்கரையை அவிழ்த்துவிடும், தேவை கூடும். நீண்ட நேர இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் விடக் கூடாது. 2 முதல் 4 மணிக்கு ஒருமுறை சுகர், ராத்திரியிலும். 250-க்கு மேல் நின்றால், அல்லது சுகர் எவ்வளவாக இருந்தாலும் வாந்தி வந்தால், கீட்டோன். சிறுநீர்ப் பட்டை ஊதா நோக்கிப் போகப்போகக் கீட்டோன் அதிகம். ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் 0.6-க்குக் கீழ் சரி. 0.6 முதல் 1.5 வரை கூடுதல் இன்சுலின், பொதுவாக நாள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். 1.5-க்கு மேல் 10 முதல் 20 சதவீதம். உங்கள் பிள்ளையின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். 3-க்கு மேல் நேராக ஆஸ்பத்திரி.

கீட்டோன் இருந்து சுகர் 180-க்குக் கீழ் இருந்தால் குழம்புவீர்கள். அப்போது சர்க்கரை சேர்த்த தண்ணீரும் இன்சுலினும் இரண்டும் வேண்டும். சுகர் அதிகமாக இருந்தால் உப்புப் போட்ட வடித்த கஞ்சித் தண்ணி, வெறும் தண்ணி, மோர், கொஞ்சம் கொஞ்சமாக.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காத வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு, வாயில் பழ வாடை, மயக்கம் போன்ற தூக்கம்: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பிள்ளைகள் ஐசியு உள்ள இடத்துக்கு. போனதும் முதல் வாக்கியம் "டைப் 1, கடைசி இன்சுலின் இத்தனை மணிக்கு". அதைச் சொல்லாவிட்டால் வாந்திக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏறும் வாய்ப்பு உண்டு.

இன்னும் நோய் கண்டுபிடிக்காத பிள்ளைக்கும் இதே முகம்தான். படுக்கை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை திரும்ப நனைத்தால், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால், மெலிந்தால், சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால், அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு பாருங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். பேதி வயிறு, அப்பென்டிக்ஸ், நிமோனியா என்று இந்தப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வது நடக்கிறது.

முதியவருக்கு இதே காய்ச்சலில் வேறு ஆபத்து. கீட்டோன் இல்லாமல் சுகர் 600-ஐத் தாண்டி, உடம்பு வற்றி, நாள்கணக்கில் மெதுவாகக் குழப்பத்தில் இறங்குவார். தாகம் தெரியாத வயது. நாக்கு உலர்ந்து பேச்சு குழம்பினால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர் வாந்தி பேதி வந்தால் அன்று அதை நிறுத்த வேண்டும். அந்த மருந்தில் சுகர் 180 இருக்கும்போதே கீட்டோன் நஞ்சாகலாம். ஆபரேஷன் என்றால் 3 நாள் முன்பே நிறுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

#14 முஞ்சிறை_ஓட்டம்

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போக டைப் 1 உள்ள 17 வயதுப் பையன் கேட்கிறான், 66 வயது மாமாவும் கேட்கிறார். மருத்துவ முறையில் என்ன சொல்வீர்கள்?

#15 குழித்துறை_செவிலி

முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகல் ஒரு இரவு, வெறுங்கால். விரதத்தோடு.

பையன் பயிற்சி செய்து, டாக்டரிடம் பேசி, துணையோடு போகலாம். நீண்ட நேர இன்சுலினை முந்தின இரவில் இருந்தே குறைக்க வேண்டும். 20 சதவீதம் என்பது வழக்கமான தொடக்கம், அவனுடைய டாக்டர் சரிபார்க்கட்டும். மணிக்கொரு முறை சுகர். நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30 கிராம் அளவுக்கு மாவுச்சத்து வேண்டியிருக்கும்: பழம், பானகம், அவல். முழு விரதம் அவனுக்கு முடியாது. பென்னும் மீட்டரும் இடுப்புப் பையில், கூட வருபவரிடம் இன்னொரு செட். ஓட்டம் முடிந்து தூங்கும் நேரம்தான் ரொம்ப ஆபத்து, அன்றும் மறுநாள் இரவும் இடையில் எழுப்பிப் பாருங்கள்.

மாமாவுக்கு முதலில் கால் சோதனை. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் அமுக்காமல் ஒன்று இரண்டு நொடி தொடுங்கள். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. அவருக்கு வெறுங்கால் ஓட்டம் வேண்டவே வேண்டாம், பகல் தார்ச்சாலையில் கொப்புளம் வந்ததே தெரியாது. உணர்ச்சி சரியாக இருந்தாலும் விரதத்தன்று கிளிமிபிரைடு, டபாக்ளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. வண்டியில் போய்த் தொழுவோர் நிறையப் பேர், சிவன் கோபிக்க மாட்டார்.

#16 தொடுகறி

கால் என்றதும்: மழைக்காலத்தில் விரல் இடுக்கைத் துடைக்காமல் விடுவதுதான் புண்ணுக்கு வாசல். எண்ணெய் பாதத்தில் தேயுங்கள், விரல் இடுக்கில் வேண்டாம். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். வீட்டுக்குள்ளும் எம்சிஆர் (மென்மையான ரப்பர்) செருப்பு, பின்வார் வைத்தது. போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், ரப்பர் தோட்டத்துக் கல் ஒன்று போதும்.

#17 மருந்துச்சீட்டு

மீட்டர் பற்றி யாரும் எழுதவில்லை. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. நம்ம கடற்காற்றில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கதை பேசினால் ஸ்ட்ரிப் கெடும், எண் தாறுமாறாக வரும். எடுத்தவுடன் மூடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் 110 இருக்கும் பிள்ளைக்கு 280 காட்டும், அதை நம்பி ஊசி போட்டால் லோ. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனியில் வலி அதிகம். சரியான மீட்டரே 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம் என்பது தர விதி. 200-ம் 215-ம் ஒன்றுதான், லேபோடு ஒப்பிட்டுச் சண்டைபோட வேண்டாம்.

#18 பனங்காட்டான்

சரி, கருப்பட்டியை விடுங்க. ஒரு நல்ல செய்தி சொல்லலாமா? ஒரு வருசமா 30 யூனிட் போட்ட தாத்தாவுக்கு இப்ப 14 யூனிட்டே போதுமாம், சுகர் நல்லாயிருக்கு. இது குணமாவுத அடையாளம்தானே?

#19 குழித்துறை_செவிலி

இல்லை அண்ணே, உடனே கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) பாருங்கள். இன்சுலினை உடம்பில் இருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் போட்ட மருந்து நீண்ட நேரம் நிற்கும், தேவை குறைந்த மாதிரி தெரியும். வடிகட்டும் அளவு (இஜிஎஃப்ஆர்) 45-க்குக் கீழ் இறங்கினால் மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழ் நிறுத்த வேண்டும். பசி குறைந்து எடை இறங்கினாலும் தேவை குறையும், அதற்கும் காரணம் தேட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷப்படலாம்.

#20 கணக்கு_டீச்சர்

போட்ட ஊசிகளை எங்கே போடுவது என்று பெற்றோர் கேட்கிறார்கள், குப்பை எடுக்க வரும் அக்காமார் கையில் குத்துகிறதாம்.

#21 மருந்துச்சீட்டு

கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில், டிடர்ஜென்ட் கேன் மாதிரி. தண்ணீர் பாட்டில் வேண்டாம், துளைத்துக்கொண்டு வெளியே வரும். மூடியில் 'ஊசி' என்று எழுதி, முக்கால் பங்கு நிறைந்ததும் டேப் சுற்றி, ஊசி வாங்கும் ஆஸ்பத்திரியில் மருத்துவக் கழிவோடு சேர்க்கக் கொடுங்கள். லான்செட்டும் அதே பாட்டிலில். ஸ்ட்ரிப் சாதாரணக் குப்பைக்கு வேண்டாம், ரத்தம் இருக்கிறது, அதையும் இதிலேயே போடுங்கள்.